குடலோடு அரைபடும் மீன்கள்

நெத்திலி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் வீட்டில் தலையைக் கிள்ளி, குடலை வழித்து எறிந்த பிறகுதான் குழம்பில் போடுகிறோம். மீன்தூள் ஆலையில் அந்த வேலையே கிடையாது. மத்தி, நெத்திலி, வலையில் சேர்ந்து வரும் கழிசல் மீன் எல்லாம் குடலோடு வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, தூளாக்கப்படுகின்றன. அவை கடலில் விழுங்கிய பிளாஸ்டிக் துணுக்கும் கூடவே அரைபடுகிறது. மலேசியாவிலும் ஈரானிலும் ஆய்வாளர்கள் சோதித்த மீன்தூளில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. பண்ணை மீனுக்குப் போடும் தீவனத்தில் புரதத்துக்காக இந்தத் தூளையும் சேர்க்கிறார்கள்.

இது நம் தட்டுக்கு வருமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு முதல் கவலை அந்த மீனைப் பற்றியது.

இத்தாலிய ஆய்வாளர்களின் சோதனை ஒன்று 2016-ல் வெளியானது. ஐரோப்பியக் கொடுவா மீன்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சுத்தமான தீவனம். அடுத்ததற்குக் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் புது பி.வி.சி. துகள் கலந்த தீவனம். மூன்றாவதற்கும் அதே அளவுதான், ஆனால் அது சிசிலியின் மிலாசோ துறைமுகத் தண்ணீரில் ஊறிய பி.வி.சி. 90 நாளில் பிளாஸ்டிக் தின்ற மீன்களின் குடல், குறிப்பாகப் பின்குடல், சிதைந்திருந்தது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் வீங்கிக் குட்டையாகியிருந்தன. உட்சவ்வு அடித்திசுவிலிருந்து பெயர்ந்திருந்தது. துறைமுகத்தில் ஊறியதைத் தின்றவற்றுக்குத்தான் பாதிப்பு அதிகம். தண்ணீரில் கிடக்கும் நஞ்சைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்வது பிளாஸ்டிக்கின் குணம்.

குடலின் உட்சவ்வின் மேல் படிந்த கோழைதான் குடல் பாக்டீரியாக்களின் வீடு. தீனியைச் செரிக்க உதவுவதும், நோய்க்கிருமிக்கு இடம் கொடுக்காமல் நிற்பதும் அவைதான். சீனாவில் வரிக்குதிரை மீன்களை 14 நாள் பாலிஸ்டைரீன் துகள் கலந்த தண்ணீரில் விட்டுப் பார்த்த ஆய்வு 2018-ல் வந்தது. கோழை பெருகியது, குடலில் அழற்சி கண்டது, பாக்டீரியாக் கூட்டங்களின் விகிதமே மாறிப்போனது. நெருக்கியடித்து வளரும் பண்ணை மீனுக்கு இந்தக் காவல் தளர்வது சின்ன விஷயம் இல்லை.

எடை ஏறாத மீனைப் பார்த்தால் பண்ணைக்காரர் தண்ணீரைச் சந்தேகிப்பார், குஞ்சைச் சந்தேகிப்பார். பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் விழுங்கும் தீவன மூட்டையைச் சந்தேகிக்க அவருக்கு வழியில்லை. மூட்டையின் மேல் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் சதவீதம் அச்சிட்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக்குக்கு ஒரு வரி இல்லை. மீன்தூளைச் சரக்குக்குச் சரக்கு சோதித்து அந்த வரியை எழுத வேண்டியவர் தீவனம் தயாரிப்பவர்தான். இத்தாலியச் சோதனையில் கலந்த துகள் 0.3 மில்லிமீட்டருக்கும் சிறியது. குளக்கரையில் நிற்பவர் கையில் அள்ளிப் பார்த்தாலும் அது தெரியாது.