கணையத் திசு தரும் முன்னெச்சரிக்கை

1966 டிசம்பரில் அமெரிக்க மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் கெல்லியும் டாக்டர் லில்லிஹையும் நீரிழிவு நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகப் பிறர் கணையத்தைப் பொருத்தினர். ஆயினும், அயல் உறுப்பை எதிர்ப்பது உடலின் இயல்பு. கணையத்தில் இவ்வெதிர்ப்பு முதலில் செரிமான நீர் சுரக்கும் பகுதியைத் தாக்குகிறது. இன்சுலின் சுரக்கும் திட்டுகள் பெரும்பாலும் பின்னரே சிதைகின்றன. எனவே இரத்தத்தில் சர்க்கரை உயரும்போது, உறுப்பைக் காக்கும் தருணம் கடந்திருக்கலாம். இதனை முன்னதாக அறியவே ஊசியினால் சிறு திசுத்துணுக்கு எடுக்கப்படுகிறது. வெள்ளணுக்கள் எவ்வளவு ஊடுருவியுள்ளன, இரத்தக் குழாய்கள் பழுதுற்றனவா, நார்த்திசு மிகுந்துள்ளதா என்பவை நுண்ணோக்கியின்கீழ் ஆராயப்படுகின்றன. 2008-இல் வெளியான பான்ஃப் வகைப்பாடு எதிர்ப்பின் கடுமையைப் படிநிலைகளாக வகுத்தது. உரிய வேளையில் அதனை அறிந்தால், மருந்தை மாற்றிக் கணையத்தைக் காக்க வழியுண்டு.