1800 எப்படி 2600 ஆகும்?

மாசிமகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் படம் எடுப்பவர்களுக்குச் சார்ஜ் போட இடம் கிடையாது. மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்துகொண்டே இருப்பார்கள். வீடியோவும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பேட்டரியில் காரியம் முடியாது. ஒயிட் டவுன் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் மணமக்களை நிறுத்திப் படம் எடுப்பவர்களுக்கும் இதே பாடுதான். அதனால் பையில் கேமராவோடு வந்த கம்பெனி பேட்டரி ஒன்றும், மலிவாக வாங்கிய வேறு கம்பெனி பேட்டரிகள் ஒன்றிரண்டும் இருக்கும்.

மலிவானதை வாங்குவதில் தப்பில்லை. மேலே அச்சடித்திருக்கும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் தப்பு.

கேனானின் எல்பி-ஈ6 பேட்டரி 2008-இல் 5டி மார்க் 2 கேமராவோடு வந்தது. கொள்ளளவு 1800 எம்ஏஎச். பிறகு அதே கூட்டுக்குள் 1865 ஆனது. 2020-இல் வந்த எல்பி-ஈ6என்எச் 2130-ஐத் தொட்டது. அசல் கம்பெனியே 12 ஆண்டு முயன்று ஏற்றியது சுமார் 18 சதவீதம்தான். அதே கூட்டுக்குள் 2600 இருக்கிறது என்று அசலின் விலையில் ஒரு பங்குக்கு ஒருவர் விற்றால், அது வேதியியல் அல்ல, அச்சகத்தின் கைவண்ணம்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி வரும்: 7.2 வோல்ட், 1800 எம்ஏஎச் (அதாவது 1.8 ஆம்பியர் மணி) என்றால் 7.2 × 1.8, ஏறத்தாழ 13. லேபிளில் போட்டிருக்கும் வாட் மணி இந்தக் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடையும் பொய் சொல்லாது. அசலையும் மற்றதையும் மின்னணுத் தராசில் வைத்துப் பாருங்கள்; கணிசமாக லேசாக இருந்தால் உள்ளே சரக்கு குறைவு. பிஐஎஸ் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

கூட்டுக்குள் தொடராக இணைத்த இரண்டு லித்தியம் அயனி செல்களும் ஒரு சின்ன சர்க்யூட் பலகையும் இருக்கின்றன. செல் ஒன்று 4.2 வோல்ட்டைத் தாண்டாமலும், அளவுக்கு மீறி வற்றிப்போகாமலும் காப்பது அந்தப் பலகை. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இங்கேதான். கேமராவோடு பேசும் சிப்பும் சரியில்லையென்றால் மீதிச் சார்ஜ் சரியாகத் தெரியாது. பாதி காட்டிக்கொண்டிருந்த கேமரா, தாலி கட்டும் நேரம் பார்த்து அணைந்துபோகும்.

நல்லதாக வாங்கினாலும் புதுச்சேரியில் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, வெயில். செல்லின் கிராஃபைட் மின்வாய்மேல் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். சூடு ஏற ஏற அது தடித்து, வேலை செய்யவேண்டிய லித்தியத்தைத் தின்றுவிடும். முழுச் சார்ஜோடு சூடும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பு. கடற்கரைச் சாலையில் நிறுத்திய காருக்குள் மதியம் முழுக்கப் பையை விட்டுவிட்டு, "லோக்கல் பேட்டரி, சார்ஜ் நிக்கலைண்ணே" என்று குறைப்பட்டுப் பயனில்லை. இன்னொன்று, உப்புக்காற்று. பித்தளை நிறத் தொடுமுனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். கடலோரம் படமெடுத்துத் திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி போட்டு வையுங்கள். மூடி இல்லாத பேட்டரியைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போடக்கூடாது.

"முழுசா இறக்கிட்டுத்தான் ஏத்தணும்" என்று ஸ்டூடியோக்களில் இன்னமும் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். லித்தியம் அயனிக்கு அது பொருந்தாது. அடிமட்டம் வரை வற்றவிட்டால் ஆயுள்தான் குறையும். சீசன் முடிந்து எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில், வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். ஒவ்வொன்றின் மேலும் எண்ணும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டிவிட்டால் எது சோடைபோகிறது என்று தெரிந்துவிடும்.

உப்பிய பேட்டரியிடம் மட்டும் தயவு காட்டக்கூடாது. உள்ளே மின்பகுபொருள் சிதைந்து வாயுவாகியிருக்கிறது என்று பொருள். அமுக்கி கேமராவுக்குள் திணிக்காதீர்கள். இன்னும் ஒரு விசேஷத்துக்கு ஓட்டலாம் என்று சார்ஜரிலும் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் தனியே வைத்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால், அங்கே நசுங்கித் தீப்பிடிக்கலாம். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது உற்பத்தியாளர், இறக்குமதியாளரின் பொறுப்பு என்கிறது 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதி. வாங்கும்போதே கடைக்காரரிடம் இதைக் கேட்டுவைக்கலாம்.