விரலுக்கு எத்தனை சதவீதம்?

கட்டை விரல் முழுவதும் போனால் 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7.

விலைப்பட்டியல் போலத் தெரிகிறதா? இது சட்டம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின், அதாவது நாம் எல்லோரும் இ.எஸ்.ஐ. என்று சொல்லும் 1948-ம் ஆண்டுச் சட்டத்தின், இரண்டாவது அட்டவணையில் இருக்கும் கணக்கு. எந்த உறுப்பு போனால் ஒருவரின் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் குறையும் என்று அதில் போட்டிருக்கிறார்கள். நான்கு விரல்களுக்கும் தனித்தனியே கூட்டினால் 40 வருகிறது. ஆனால் ஒரே கையில் நான்கும் போனால் 50 என்கிறது அட்டவணை. ஏனென்று நான்கு விரல்களையும் மடக்கிக்கொண்டு ஒரு சொம்பைத் தூக்கிப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. டேனரியில் தோலைச் சீவும் மெஷினும் பிளக்கும் மெஷினும் கூர்மையான பிளேடுகளோடு சுற்றுகின்றன. ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் பிரஸ் மெஷின் இறங்கும் வேகத்துக்குக் கை விலகவில்லை என்றால் அவ்வளவுதான்.

விபத்து நடந்தவுடன் நடப்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், காயம் ஆறும்வரை தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். காயம் ஆறிவிட்டது, ஆனால் கை பழைய கை இல்லை. அப்போது மருத்துவ வாரியத்தின் முன் போய் உட்கார வேண்டும். வாரியம் கையைப் பார்க்கும், எக்ஸ்ரேயைப் பார்க்கும், ஒரு சதவீதத்தைச் சொல்லும். அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் ஆயுள் முழுக்க வரும் நிரந்தர ஊன உதவித்தொகை. பிறகு வேலைக்குத் திரும்பிச் சம்பளம் வாங்கினாலும் இது நிற்காது.

ஒரு கணக்குப் போடுவோம். தினக்கூலி 600 ரூபாய் வாங்கும் ஒருவர். அதில் 90 சதவீதம் 540. வாரியம் 20 சதவீதம் என்றால் நாளுக்கு 108 ரூபாய். 30 சதவீதம் என்றால் 162. வித்தியாசம் 54 ரூபாய்தானே என்று தோன்றும். வருடத்துக்கு 19,710 ரூபாய். முப்பது வயதில் விரலை இழந்தவருக்கு இது எத்தனை வருடங்களுக்கு என்று பாருங்கள். கட்டை விரலின் நுனி எலும்பு மட்டும் போனால் 20, முழு விரலும் போனால் 30. வெட்டு எந்த மூட்டில் விழுந்தது, மிச்சம் இருக்கும் துண்டு மடங்குகிறதா என்பதில்தான் அந்த 54 ரூபாய் இருக்கிறது.

வாரியம் சொன்னதே கடைசி வார்த்தை அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. அதற்குப் போகாமல் நேராகத் தொழிலாளர் ஈட்டுறுதி நீதிமன்றத்துக்கும் போகலாம். தீர்ப்பாயத்தில் தோற்றாலும் அந்த நீதிமன்றம் உண்டு. அதற்கும் மேலே, சட்டம் சம்பந்தப்பட்ட முக்கியமான கேள்வி இருந்தால் உயர் நீதிமன்றம். அதற்கு 60 நாள் கெடு.

படிகள் இருக்கின்றன. ஏற எத்தனை வருடம் ஆகும் என்பதுதான் கேள்வி. கேரளத்தின் கொரட்டியில் 1971 ஜூனில் ஓர் ஆலைத் தொழிலாளி சைக்கிளில் மாலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், ஷிஃப்ட் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது, அவர் வேலை பார்த்த அதே ஆலையின் லாரி மோதி அவருடைய காறை எலும்பு முறிந்தது. ஈட்டுறுதி நீதிமன்றத்தில் ஜெயித்தார். கேரள உயர் நீதிமன்றத்திலும் ஜெயித்தார். இ.எஸ்.ஐ. கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 செப்டம்பரில், 25 வருடங்கள் கழித்து, தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து வேலையில் நடந்த விபத்து ஆகாது என்றார்கள்.

அந்தத் தொழிலாளிக்குக் கிடைக்காதது மற்றவர்களுக்குக் கிடைத்தது. 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபணமானால், இப்போது வேலை விபத்துதான். கிராமம் கிராமமாக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் ஆம்பூருக்கு வரும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வழக்கு. ஒடிசாவில் ஒரு தச்சர், சினிமா தியேட்டர் ஒன்றில் அலங்கார வேலை செய்தபோது 1968-ல் கீழே விழுந்து இடது கையை இழந்தார். கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது 100 சதவீதம் இல்லை. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை எப்படிச் செய்வது? அதனால் முழு இழப்பு என்றே கணக்கிட வேண்டும் என்றார் இழப்பீட்டு ஆணையர். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, இ.எஸ்.ஐ. வழக்கு அல்ல. ஆனாலும் மேல்முறையீட்டுக்குப் போகிறவர் கவனிக்க வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது. கையைக் காட்டினால் மட்டும் போதாது; அந்தக் கையால் என்ன வேலை செய்தார் என்று காட்ட வேண்டும். "கூலி வேலை" என்று மனுவில் எழுதினால் ஒன்றும் புரியாது. தோலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து மெஷினுக்குள் கொடுக்கிறவர், ஷூவின் மேல்பாகத்தை விரல் நுனியால் திருப்பித் தைக்கிறவர் என்று எழுதினால்தான் இழப்பு எங்கே என்று தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு டாக்டர் தரும் சதவீதம் வேறு, இ.எஸ்.ஐ. வாரியம் தரும் சதவீதம் வேறு. முதலாவது உடலைப் பற்றியது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 40 சதவீதம் என்பது முக்கியமான எல்லை. அந்தச் சான்றிதழ் மீதும் மேல்முறையீடு உண்டு, அது தனி வழி. இரண்டாவது சம்பாதிக்கும் திறனைப் பற்றியது. அதில் 40 எல்லாம் தாண்ட வேண்டியதில்லை. சுண்டு விரலின் 7 சதவீதமும் பணம்தான். "அட்டை கிடைக்காது என்றார்கள், அதனால் இதுவும் கிடைக்காது" என்று விட்டுவிடக் கூடாது.

பலர் தோற்பது விசாரணையில் அல்ல, விபத்து நடந்த அன்றே. கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை, விபத்து அறிக்கை போகவில்லை, ஆஸ்பத்திரியில் "வீட்டில் கீழே விழுந்தார்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்றால், பிறகு எத்தனை வாய்தா நடந்தாலும் வேலையில்தான் அடிபட்டது என்று நிரூபிப்பது கஷ்டம். கான்டிராக்ட் ஆள் என்பதால் உரிமை போகாது. முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும், கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. குரோமியம் போன்ற ரசாயனங்களால் வரும் நோய்களும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருக்க வேண்டும்.

இதில் எதிலுமே வராதவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்கள். ஆம்பூரைச் சுற்றி அவர்கள் ஏராளம். சம்பள ரசீது இல்லை, காப்பீட்டு எண் இல்லை, அதனால் வாரியமும் இல்லை.

காத்திருப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிப்போனது. தோல் கழிவால் நிலமும் கிணறும் கெட்ட 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு என்று 2001 மார்ச்சில் உத்தரவு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் ஊன உதவி மேல்முறையீடுகளில் எந்த அலுவலகத்தில் எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், எந்த நீதிபதி எத்தனை மனுக்களை ஏற்றார் என்பதை அரசே இணையத்தில் போடுகிறது. அதுபோல ஒரு பட்டியல் ஒவ்வொரு மருத்துவ வாரியத்தின் வாசலிலும் தொங்கினால், காத்திருப்பவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் இ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டதால், மனுவில் எந்தப் பிரிவை எழுதுவது என்று கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது. கேட்க வக்கீல் ஃபீஸ் வேண்டியதில்லை. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் மூவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும், எழுதிக் கொடுத்தால், ஈட்டுறுதி நீதிமன்றத்தில் தொழிலாளிக்காக வாதாடலாம்.

வாரியத்தின் முடிவு தபாலில் வந்ததும் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கைக்குக் கிடைத்த தேதியை அந்தக் கவரிலேயே குறித்து வையுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போக 3 மாதம்தான், அன்றிலிருந்து.