நமக்கு நாமே போடும் மதிப்பெண்

புதிதாக டீம் லீடர் ஆகியிருக்கும் தம்பி ஒருவர் ஒரு படிவத்தோடு வந்தார். "பிறர் மனநிலையை எளிதில் புரிந்துகொள்வேன்", "கோபத்தைக் கட்டுப்படுத்துவேன்" என்று வரிசையாக வாசகங்கள். எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். முக்கால்வாசிக்கு நான்கு போட்டிருந்தார். "சரியா இருக்காண்ணே?" என்றார். டீ குடித்து முடிப்பதற்குள் அவரிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அவர் பொய் எழுதவில்லை. தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ அதைத்தான் எழுதியிருக்கிறார். 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் வண்டி ஓட்டும் திறமை பற்றிக் கேட்டபோது, அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். அங்கே பாதிப் பேருக்குத்தானே இடம்? வண்டியிலாவது உரசினால் நம் வண்டியிலும் கீறல் தெரியும். மனிதர்களோடு உரசும்போது கீறல் எதிராளி மேல் மட்டுமே விழுகிறது.

தம்பியின் படிவம் அளக்கப் பார்ப்பது உணர்வுசார் நுண்ணறிவை, அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறமையை. அந்தக் கருத்தை 1990-ல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிய பீட்டர் சலோவியும் ஜான் மேயரும், பின்னர் டேவிட் கருசோவுடன் சேர்ந்து ஒரு தேர்வை அமைத்தார்கள். "உங்களுக்குப் புரியுமா?" என்று அதில் கேட்பதில்லை. முகங்களின் படத்தைக் காட்டி, என்ன உணர்வு தெரிகிறது என்று கேட்பார்கள். அதில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணுக்கும் பொருத்தம் மிகக் குறைவு.

அதற்காகப் படிவத்தைக் கிழித்துப் போட வேண்டாம். உள்ளுக்குள் எவ்வளவு பதறுகிறோம் என்பது நமக்குத்தான் நன்றாகத் தெரியும். நம் அறிவுக்கூர்மையை எடைபோடுவதில் நண்பர்களே தேவலை. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆக, உள்ளே நடப்பதை நாமே எழுதலாம். வெளியே தெரிவதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் இருவரும் 1955-ல் வரைந்த 'ஜோஹாரி ஜன்னல்' இதற்கு உதவும். அதில் நான்கு கட்டங்கள்: எல்லாருக்கும் தெரிந்தது, நாம் மறைப்பது, யாருக்குமே தெரியாதது, பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது. கடைசிக் கட்டத்தில்தான் தலைவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பதவி உயர உயர அதைச் சொல்லிக் காட்டும் ஆட்கள் குறைந்துபோகிறார்கள்.

ஆனால் டீமில் ஒருவரிடம் "நான் நல்லா நடத்துறேனா?" என்று கேட்டால் "நல்லாத்தானே இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். இன்கிரிமென்ட் நம் கையில் இருக்கும்போது அவர் வேறென்ன சொல்வார்? அதனால் குணத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். "நேத்து மீட்டிங்ல நீங்க சொல்ல வந்து நிறுத்தின விஷயம் ஏதாவது இருக்கா?" "வேலை தள்ளிப்போகும்னு நீங்க சொன்னப்போ நான் என்ன மாதிரி பேசினேன்?" இப்படிக் கேட்டால் பதில் சொல்வதற்குப் பிடி கிடைக்கும். முதல் தடவை தயங்குவார். அந்தப் பதிலை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தடவை உண்மையைச் சொல்வார்.

இந்த வாரம் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வரும்போது விளக்கம் சொல்லக் கிளம்பாமல், முழுக்கக் கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.