தோட்டத்து வாத்தியார்

மலாயாவில் தமிழ்க் கல்வியின் வரலாற்றைப் பேசுவோர், 1816-ஆம் ஆண்டில் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். ஆயினும், நம்மில் பலருடைய பாட்டன் பாட்டியர் எழுத்தறிந்தது ரப்பர் தோட்டத்து லயங்களுக்கு அருகே நின்ற அத்தாப்புக் கொட்டகையில்தான். அக்கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்கியவர் தோட்டத்து வாத்தியார்.

7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டத்திற்காகப் பள்ளிகள் தோன்றின. ஆனால், பயிற்சி பெற்ற ஆசிரியரை அமர்த்தப் பல நிர்வாகங்கள் செலவு செய்ய விரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ மற்ற வேலைகளுக்கிடையே பாடம் சொல்லிக் கொடுத்த தோட்டங்கள் பல உண்டு.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கியவர்களுள், ஊரில் ஓரளவு படித்த இளைஞர்களும் இருந்தனர். இவர்களுள் சிலர் வேறு வேலை தேடி வந்து வாத்தியாரானவர்கள். ஒரே அறையில், முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை ஒருவரே கற்பிக்க வேண்டியிருந்தது. பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன. கண்ணெதிரே நிற்கும் பால்மரத்தைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இராது. காவிரியையும் பனைமரத்தையும் பார்த்தேயறியாத பிள்ளைகளுக்கு அவற்றை விளக்குவது வாத்தியாரின் பொறுப்பாயிற்று.

விடியுமுன் பெரட்டுக்கு மணி அடித்துவிடும். சற்றே வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்கு உதவியாக வெளிக்காட்டுக்குப் போய்விடுவர். அல்லது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே நிறுத்தப்படுவர். பிள்ளைகளின் வருகையையும் தேர்ச்சியையும் பொறுத்தே அரசாங்க உதவித் தொகை கிடைத்தது. ஆகவே, லயம் லயமாகச் சென்று பிள்ளைகளை அழைத்து வருவதும் வாத்தியார் வேலையாயிற்று.

மாலையிலும் அவருக்கு ஓய்வில்லை. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியவர்கள் அவர் வீட்டு வாசலில் கூடுவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கணக்கு எழுதியவரும், வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுத்தவரும் பல இடங்களில் அவரேயாவார். நம் வழிபாட்டு மரபு தோட்டங்களில் தழைத்ததில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்றால் அது மிகையாகாது.

இத்தனைக்கும் அவர் பெற்ற சம்பளம் சொற்பம். குடியிருந்த வீடு தோட்டத்திற்குச் சொந்தம். துரைக்குப் பிடிக்காமற்போனால் வேலையோடு வீடும் போய்விடும். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் பள்ளிகள் பல மூடப்பட்டன. தோட்டத்து மக்கள் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். போர் முடிந்தபின், எஞ்சிய வாத்தியார்கள் எஞ்சிய பிள்ளைகளைக் கொண்டு மீண்டும் பள்ளியைத் தொடங்கினர்.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது மலாயாவில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததாலும், சிறு பள்ளிகள் ஒன்றாக இணைக்கப்பட்டதாலும் இன்று 500-க்குச் சற்று அதிகமானவையே எஞ்சியுள்ளன.

இவ்வரலாறு நன்கொடையாளர்களுக்கு ஒன்றை உணர்த்துகிறது. கட்டடத்திற்குக் கொடுப்போர் நம்மிடையே நிறைய உள்ளனர், அது போற்றத்தக்கதே. ஆனால், அன்று கொட்டகை இருந்தும் நல்ல வாத்தியார் வாய்க்காத தோட்டங்களில் பிள்ளைகள் கல்லாமலேயே வளர்ந்தார்கள். இன்றும் கோயில்களின் சமய வகுப்புகளும் தமிழ் வகுப்புகளும் ஆசிரியர் கிடைக்காமலும், கிடைத்தவருக்குத் தக்க ஊதியம் தர இயலாமலும் நின்றுபோகின்றன. அறக்கொடையில் ஒரு பங்கை ஆசிரியரின் ஊதியத்திற்கும் பயிற்சிக்கும் ஒதுக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

மேலும், உங்கள் குடும்பத்தில் தோட்டத்து வாத்தியார் எவரேனும் இருந்திருந்தால், அவருடைய பெயர், தோட்டம், பணியாற்றிய ஆண்டுகள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பழைய வருகைப் பதிவேடுகளையும் புகைப்படங்களையும் பாதுகாத்து வையுங்கள். அவர்களை நேரில் அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்வது நம் கடமையாகும்.