காரின் 12 வோல்ட்டும் என் 5 வோல்ட்டும்

காலையில் மூணு, நாலு தடவை சாவியைத் திருப்பினால்தான் என் பழைய கார் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் பார்த்துவிட்டு, "இசியூ போயிடுச்சு சார், மாத்தணும்" என்றார். விலையைக் கேட்டதும், ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன் என்று வந்துவிட்டேன். படித்தது பி.ஈ., பிழைப்பு மென்பொருள். இசியூவிடமே நேரடியாகக் கேட்டுவிடலாமே என்று தோன்றியது.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் 16ஆம் பின் பேட்டரி, 4ம் 5ம் எர்த். என்னுடையது போன்ற பழைய கார்களில் 7ஆம் பின்தான் கே-லைன். ஐஎஸ்ஓ 9141-2 முறைப்படி, போவதும் வருவதும் இந்த ஒரே ஒயரில்தான். யாரும் பேசாதபோது ஒயர் பேட்டரி வோல்டேஜிலேயே நிற்கும். பேச நினைப்பவர் அதை எர்த்துக்கு இழுக்க வேண்டும். வேகம் நொடிக்கு 10,400 பிட்.

என் ஆர்டுயினோவுக்கு 5 வோல்ட்தான் தெரியும். 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் செத்துவிடும். நடுவில் ஒரு மாற்றி வேண்டும்.

அனுப்பும் பக்கம் சுலபம். கே-லைனுக்கும் பேட்டரிக்கும் நடுவே 510 ஓம் ரெசிஸ்டர், எர்த்துக்கு இழுக்க ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர். இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். 13.8 வோல்ட்டில் சுமார் 27 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.37 வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் தாங்காது, அரை வாட் போடுங்கள். அடுத்தது, சும்மா இருக்கும்போது ஆர்டுயினோவின் அனுப்பும் பின் 5 வோல்ட்டில் நிற்கும். ஒரே டிரான்சிஸ்டர் போட்டால் அது எப்போதும் ஆன் ஆகி, லைனையே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். தலைகீழாக்க முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டர் தேவை.

கேட்கும் பக்கத்தில்தான் சறுக்கினேன். 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டரை வைத்து வோல்டேஜைப் பிரித்தேன். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட், 4.6 ஆகிறது. அருமை. இசியூ பதில் சொன்னது, எல்லாம் படிக்க முடிந்தது. ஆனால் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த இரண்டு நொடியில் மட்டும் தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அதேதான். 'அப்போ மெக்கானிக் சொன்னது சரிதான் போல, இசியூ போச்சு' என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

இரவு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, மனைவியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். வோல்டேஜ் 9க்கும் கீழே விழுந்தது. 9 வோல்ட் என் பிரிப்பானில் 2.88 ஆகும். ஆர்டுயினோவின் சிப் எதையும் '1' என்று உறுதியாக எடுத்துக்கொள்ள 3 வோல்ட் வேண்டும். இசியூ ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தது. செவிடு என் சர்க்யூட்தான்! பிரிக்கும் விகிதத்தைக் கூட்டலாமா என்றால், 14.4 வோல்ட்டில் 5ஐத் தாண்டிவிடும்.

கே-லைனில் '1', '0' என்பவை நிலையான வோல்டேஜ் இல்லை, பேட்டரியின் விகிதம். அனுப்புபவர் 80 சதவீதத்துக்கு மேல் வைத்தால் 1, 20 சதவீதத்துக்குக் கீழே இழுத்தால் 0. பேட்டரி இறங்கினால் அளவுகோலும் சேர்ந்து இறங்கணும்.

அதற்கு எல்எம் 393 கம்பாரேட்டர் போதும். பேட்டரியிலிருந்தே அதற்கு சப்ளை. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பேட்டரியைச் சரிபாதியாக்கி மைனஸ் இன்புட்டுக்கு. கே-லைன் பிளஸ் இன்புட்டுக்கு. அவுட்புட் ஓப்பன் கலெக்டர் என்பதால், 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டில் கட்டிவிட்டால் வோல்டேஜ் மாற்றமும் அங்கேயே முடிந்தது. பேட்டரி 14.4 என்றால் எல்லை 7.2, 9 என்றால் 4.5. தானே நகர்ந்துகொள்ளும். 16ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி இருக்கும், அதனால் 1 ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

மறுநாள் காலை தொடர்பு அறுபடவில்லை. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இசியூ பேசுகிறது, ஆனால் ஆர்பிஎம் 0 என்கிறது! என்ஜின் சுற்றுவதே அதற்குத் தெரியவில்லை. பதிந்திருந்த கோடு பி0335, அதாவது கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சர்க்யூட். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் முழுக்கப் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்து திரும்பச் செருகினேன். முதல் தடவையே ஸ்டார்ட்.

மெக்கானிக்கைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அரைகுறைக் கருவியை நம்பி நானும் அதே தீர்ப்பைத்தானே எழுதினேன்? நீங்கள் இப்படி ஏதாவது செய்தால், வண்டி நன்றாக ஓடும்போது மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் சோதியுங்கள்.