பூட்டு போனில், சாவி நம் கையில்



நம் கூட்டமைப்பில் ஒரு குழுவின் ஊக்குநர் அக்காவுக்கு ஒருநாள் மதியம் போன் வந்தது. "அக்கா, எனக்கு வரவேண்டிய ஆறு இலக்க எண் தவறி உங்க போனுக்கு வந்திடுச்சு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கக்கா" என்றது ஒரு பெண் குரல். யாரோ பயிற்சியில் பார்த்த பொண்ணு என்று நினைத்து அக்காவும் சொல்லிவிட்டார். அடுத்த நிமிடமே அவர் போனில் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. சாயங்காலத்துக்குள் குழு உறுப்பினர்களுக்கு அக்கா பெயரிலேயே செய்தி போனது: "ஆஸ்பத்திரியில் இருக்கேன், அவசரமா 3,000 ரூபாய் அனுப்புங்க."

இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். ஒருத்தருக்கு ஒன்று என்றால் ஓடி வருவதுதானே நம் குழுவின் பழக்கம்? அந்த நல்ல பழக்கத்தைத்தான் திருடர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: "நாம பேசுறது வேற யாருக்கும் தெரியாது, பூட்டியிருக்குன்னு வாட்ஸ்அப்லயே எழுதியிருக்கே. அப்புறம் எப்படிப் போச்சு?"

நல்ல கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

அது என்ன பூட்டு?

சின்ன வயசில் க-பாஷை பேசியிருப்போம். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்து, 'வீடு' என்பதை 'கவீகடு' என்போம். பாஷை தெரிந்தவருக்குப் புரியும், மற்றவர்கள் விழிப்பார்கள். போன் செய்வதும் இதைப் போலத்தான். நாம் எழுதுவதைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புகிறது. இதற்கு என்கிரிப்ஷன் என்று பெயர். ஆனால் க-பாஷையை யாரும் கற்றுக்கொள்ளலாம். போன் போடும் பூட்டை அப்படித் திறக்க முடியாது.

அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியை எதிராளிக்கு எப்படிக் கொடுப்பது? வழியில் யாராவது பறித்துக்கொண்டால்? இதற்கு 1976-இல் அமெரிக்காவின் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் ஒரு வழியை வெளியிட்டார்கள். எளிதாகச் சொன்னால் இப்படி: நான் என் பூட்டைத் திறந்தபடியே எல்லோருக்கும் கொடுக்கிறேன், சாவி மட்டும் என் வீட்டில் இருக்கிறது. நீங்கள் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, என் பூட்டை அமுக்கிப் பூட்டி அனுப்புங்கள். பூட்டிய உங்களாலேயே அதைத் திறக்க முடியாது. என் சாவிதான் திறக்கும்.

2016 முதல் வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட செய்திகளுக்கு இந்த வகைப் பூட்டு உண்டு. சாவி உங்கள் போனிலும் எதிராளி போனிலும் மட்டுமே இருக்கும். செய்தியை வாட்ஸ்அப் நிறுவனமும் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது பேசினார்கள் என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியும்.

பூட்டு எதைக் காக்காது?

பூட்டு காப்பது வழியை. இரண்டு முனையில் நடப்பதை அது காக்காது.

அக்கா சொன்ன ஆறு எண், "இந்தக் கணக்கு என்னுடையதுதான்" என்று நிரூபிக்கும் எண். அதைப் போட்டதும் திருடன் போனில் அக்காவின் கணக்கு திறந்துகொண்டது, புதிய சாவியும் உருவானது. அதற்குப் பிறகு வந்த செய்தியெல்லாம் ஒழுங்காகப் பூட்டப்பட்டு, ஒழுங்காகத் திருடனிடம் போய்ச் சேர்ந்தது! யாரும் பூட்டை உடைக்கவில்லை. சாவியை நாமே கொடுத்தோம்.

இன்னொரு முனையும் இருக்கிறது. வங்கிக் கடனுக்காக ஆதார் அட்டையையும் பாஸ்புக்கையும் படம் எடுத்துக் குழுவில் போடுகிறோம். அந்தப் படம் குழுவில் உள்ள எல்லோர் போனிலும் தங்கிவிடும். அதில் ஒரு போன் தொலைந்தாலும் போதும்.

இன்றே செய்யுங்கள்

1. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் அக்கவுன்ட், அதில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். நீங்களே ஒரு ஆறு இலக்க எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். இது இரண்டாவது பூட்டு. குறுஞ்செய்தியில் வரும் எண்ணைத் திருடன் வாங்கிவிட்டாலும் இந்த எண் இல்லாமல் உடனே நுழைய முடியாது. பிறந்த தேதி வேண்டாம், 123456-உம் வேண்டாம்.

2. வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்று இருக்கும். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் அதில் இருந்தால் உடனே நீக்குங்கள்.

3. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் அனுப்பத்தான் யு.பி.ஐ. பின் தேவை, பணம் வாங்கத் தேவையில்லை. "பணம் வரும், பின் போடுங்க" என்றால் அது ஏமாற்றுதான்.

4. "இந்த ஆப்பை ஏத்துங்க, நானே சரிபண்ணித் தர்றேன்" என்று போனில் சொல்பவரை நம்பாதீர்கள். அப்படிச் சில ஆப் நம் திரையை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

5. முழு எண் கட்டாயமில்லாத இடத்தில், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் எடுக்கலாம். ஆவணங்களைக் குழுவில் போடாமல் பொறுப்பாளருக்கு மட்டும் அனுப்புங்கள்.

6. யார் பணம் கேட்டுச் செய்தி அனுப்பினாலும், அவருக்குப் போன் செய்து குரலைக் கேட்ட பிறகே அனுப்புங்கள்.

"மறைக்க நமக்கு என்ன இருக்கு?"

சில சகோதரிகள் இப்படிக் கேட்கிறார்கள். குழுக் கணக்கில் ஒளிவுமறைவு கூடாது, உண்மைதான். தீர்மானப் புத்தகத்தை யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதற்காக, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை யாரிடமும் கொடுப்போமா?

பல வீடுகளில் ஒரே போன்தான், கணவரும் பிள்ளைகளும் எடுப்பார்கள். அடி தாங்காமல் உதவி தேடும் ஒரு பெண், அதே போனில்தான் தேட வேண்டியிருக்கிறது. தேடியது தெரிந்தால் இன்னும் அடி விழும். அவளுக்கு ரகசியம் என்பது பாதுகாப்பு.

குரோமில் இன்காக்னிட்டோ என்று ஒன்று உண்டு. அதில் தேடினால், மூடியபின் தேடிய விவரம் போனில் தங்காது. ஆனால் இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கு நாம் போன தளம் தெரியும். 181 மகளிர் உதவி எண்ணுக்குப் பேசினால், அழைப்புப் பட்டியலில் அந்த எண் இருக்கும், அதைத் தனியாக அழிக்க வேண்டும். முடிந்தால் நம்பிக்கையான தோழியின் போனில் பேசுவது நல்லது.

இதைவிட ஆழமாக மறைப்பது டார். 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான முறை இது. வெங்காயத் தோல் போலப் பூட்டின் மேல் பூட்டாகப் போட்டு, மூன்று கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும். ஒவ்வொன்றும் தன் தோலை மட்டும் உரிக்கும். முதல் கம்ப்யூட்டருக்கு அனுப்பியவர் தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. ஆனால் உங்கள் பெயரைக் கொடுத்து ஒரு தளத்தில் நுழைந்தால், நீங்கள் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரிந்துவிடும்.

வி.பி.என். என்பது நம் போக்குவரத்தை ஒரே நிறுவனத்தின் வழியாக அனுப்புவது. நாம் எங்கே போகிறோம் என்று அந்த நிறுவனம் பார்க்க முடியும். அதனால் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச வி.பி.என். வேண்டாம்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப் போயிருந்தால், உங்கள் எண்ணிலேயே மறுபடி பதிவு செய்யுங்கள். உங்களுக்கு வரும் ஆறு எண்ணைப் போட்டதும் திருடன் வெளியே தள்ளப்படுவான். குழுவில் எல்லோருக்கும் போன் செய்து எச்சரியுங்கள்.

நம் அக்காவும் முதலில் அழுதுகொண்டு கூட்டத்துக்கே வரவில்லை. உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார்கள். நடந்ததை எல்லோர் முன்னாலும் அவரே எடுத்துச் சொன்னார். அன்றே அத்தனை பேரும் இரண்டாவது பூட்டைப் போட்டுக்கொண்டார்கள்.

உங்கள் அடுத்த குழுக் கூட்டத்திலும் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்குப் பக்கத்தில் இருப்பவர் உதவட்டும். ஆனால் எண்ணை அவரே போடட்டும், உதவுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். "அனைத்து உறுப்பினர்களும் இரண்டாவது பூட்டுப் போட்டாயிற்று" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள்!